பின்னறையின் அத்தர் வாசம்

திங்கட்கிழமை, காலை

செத்துப்போன மனிதர் ஒருவரின் நோய், அவரை உயிரோடு கண்டிராத மின்ஹாஜின் இரத்தத்துக்குள் இருந்தது.

டொக்டர் நிஸ்ரின் கொழும்பிலிருந்து வந்த அந்தப் பரிசோதனை முடிவைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு எழுந்து போய்ப் பின்னறைக் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டு அசையவில்லை. திறப்பு அவருடைய மேசை லாச்சிக்குள் இருந்தது. அதை வேறு யாரும் தொடுவதில்லை.

கற்பிட்டிப் பக்கம் கடற்களப்பைப் பார்த்தபடி நிற்கும் சின்ன நிலையம் அது. சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திருப்பி உடம்புக்குள் விடும் இடம். முன்னால் ஒரு கூடம், அதில் ஆறு கதிரைகள், கதிரைக்கு ஒரு மெஷின். பின்னால் தனி வாசலோடு ஓர் அறை. அந்த அறை நெய்னாருக்கென்றே ஒதுக்கப்பட்டது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களில் அவரும் ஒருவர். இளவயதில் ஒரு ஒப்பரேஷனின்போது ஏற்றிய இரத்தத்தோடு ஹெப்படைட்டிஸ் சி கிருமி அவருடைய ஈரலில் குடியேறிவிட்டது. அந்தக் காலத்தில் அதைத் தேடிப் பார்க்கப் பரிசோதனை இருக்கவில்லை. அது இரத்தத்தோடு இரத்தம் கலந்தால் மட்டுமே தொற்றும். ஆனால் ஊர் அதை நம்பவில்லை. அவர் குடித்த கோப்பையை யாரும் தொடமாட்டார்கள்.

பங்குனிக் கடைசியில் நெய்னார் மௌத்தானார். அவர் இறந்த மறுநாளே அறை பூட்டப்பட்டது. அவருடைய மெஷின் இருந்த இடத்திலேயே நின்றது. உச்சமுனைத் தீவு மீனவன் மின்ஹாஜ் இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்ததே வைகாசியில்தான். வரும்போது அவனுடைய இரத்தம் சுத்தம். இப்போது ஆடி. மின்ஹாஜுக்கும், மாம்புரியில் கருவாடு போடும் பவுலினாவுக்கும் அதே கிருமி. நெய்னாரின் பழைய இரத்தம் கொழும்பில் குளிரூட்டியில் இருந்தது. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று எழுதியிருந்தார்கள்.

கூடத்தில் யாரும் உரத்துக் கதைக்கவில்லை. வெளியே ஆடிக் காற்று மணலை அள்ளி யன்னலில் எறிந்தது. தூரத்துக் காற்றாலையின் இறக்கை நிழல் காலை வெயிலோடு உள்ளே வந்து, கதிரைகளில் கிடந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டுப் போனது. பின்னறைச் சுவரோரக் கதிரை மட்டும் காலியாகக் கிடந்தது. நோய் பிடித்த இருவரும் அதில்தான் வழக்கமாக இருந்தவர்கள். அதில் இருப்பதைவிட வீட்டில் கிடந்து சாகலாம் என்று சிலர் சொல்லிவிட்டார்கள். நோய் வந்த இருவரையும் பின்னறைக்கு மாற்றலாமா என்று டொக்டர் கேட்டதற்கு, மின்ஹாஜ் குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழும்பப் பார்த்தான். கடைசியில் கூடத்தின் ஒரு மூலையில் திரை போட்டு இருவரையும் அங்கே இருத்தினார்கள்.

விசாரணைக்கு வந்த கொழும்பு அதிகாரி கேள்விகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இரத்தம் ஏற்றினீர்களா? வேறு நிலையத்தில் டயலிசிஸ் செய்தீர்களா? பல் பிடுங்கினீர்களா? பச்சை குத்தினீர்களா? பிறர் சவரக்கத்தி? வீட்டில் ஊசி, இரத்தச் சீனி பார்க்கிற மெஷின்? பவுலினா சலித்துப்போய், தன் வீட்டில் தேங்காய் துருவுகிற மெஷின்கூட இல்லை என்றாள். மின்ஹாஜுக்கும் கிட்டத்தட்ட அதே பதில்தான்.

எல்லாவற்றையும் கழித்துவிட்டு அதிகாரி தாதி சுஜாந்தியைப் பார்த்தார். நெய்னாருக்கும் ஊசி போட்டவள் அவள். பவுலினாவுக்கும் மின்ஹாஜுக்கும் குழாய் பொருத்துகிறவளும் அவள். ஒரு மருந்துக் குப்பியிலிருந்து பலருக்கு எடுத்திருப்பாள், கையுறை மாற்றாமல் ஓடியிருப்பாள் என்பது அவருடைய முடிவு. இப்படியான நிலையங்களில் கிருமி பரவுவது பெரும்பாலும் அப்படித்தான் என்றும் சொன்னார். அதில் பொய் இல்லை. ஆளாளுக்குத் தனிக் குப்பிதான் உடைப்பேன் என்று சுஜாந்தி அழுதாள். வெள்ளிக்கிழமை அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் வரும் என்றார் அதிகாரி.

இதையெல்லாம் மூன்றாம் கதிரையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார் கனகசுந்தரம். உடப்புக்காரர், ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட்; ஊருக்குச் சாஜன். பிறஷர் தின்ற சிறுநீரகம் அவருடையது. சீனி வருத்தம் கிடையாது. ஒரு காலத்தில் சிலாபம் வரை கள்வரைத் துரத்தியவர், இப்போது கிழமைக்கு மூன்று நாள் கதிரையை விட்டு எழும்ப முடியாமல் கிடக்கிறார். கட்டிப்போட்ட பொலிஸ்காரனுக்குக் கண்ணும் காதும்தான் மிச்சம். மூக்குக்கூட இல்லை. மூக்குத்தூள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

சுஜாந்தி அவருடைய கையில் ஊசியைக் கழற்ற வந்தாள். அந்தக் கிழட்டுக் கையில் முதற்குத்திலேயே நரம்பைப் பிடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் போய்விட்டால் தன் பாடு என்ன என்ற கவலையும் சாஜனுக்கு இருந்தது. நல்ல காரியங்களில் கொஞ்சம் சுயநலம் இருப்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

“ஐயா, ஒண்டு சொன்னாச் சிரிக்கக்கூடாது” என்றாள் தாழ்ந்த குரலில்.

“சொல்லு பிள்ளை.”

“நெய்னார் நானா ஒரு அத்தர் பூசுவார். அவர்ட மகன் கட்டாரில இருந்து அனுப்பினது. இங்க வேற ஒருத்தர்ட்டயும் அந்த வாசம் இல்ல. அவர் செத்துக் கொஞ்ச நாளில பவுலினா அக்காக்கு ஊசி போடக் குனியிறன், அதே வாசம். பிறகு மின்ஹாஜ். வாசம் வந்த ரெண்டு பேருக்கும் வருத்தம் வந்திட்டுது.” அவள் பின்னறைக் கதவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். “இண்டைக்கு அஸ்னா டீச்சர்ட்ட வந்தது.”

சாஜன் சிரிக்கவில்லை. “வாசம் எங்கயிருந்து வருது? உடுப்பா, தலையா?”

“கையில இருந்து, ஐயா. நான் ஊசி போடுற கை இல்ல. மற்றக் கை.”

அந்த நேரம் பூட்டிய அறைக்குள் ஒரு மெஷின் கூவியது. நீளமாக ஒரு தடவை, பிறகு விட்டு விட்டு. நெய்னாருடைய மெஷின். கூடத்தில் யாரோ ஓதத் தொடங்கினார்கள். சுஜாந்தியின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

புதன்கிழமை, காலை

உடப்பிலிருந்து வரும் பஸ் எப்போதும் பிந்தித்தான் வரும். கனகசுந்தரம் உள்ளே வந்தபோது மற்றவர்கள் இடம் பிடித்துவிட்டார்கள். அவர் நேரே போய்ச் சுவரோரக் கதிரையில் சாய்ந்தார். கூடம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

“பேய் பிடிச்சா எனக்குத்தானே. போடு பிள்ளை” என்றார் சுஜாந்தியிடம்.

இரத்தம் குழாயில் ஏறி ஓடத் தொடங்கியது. அங்கே கிடந்து அவர் முதலில் மேலே பார்த்தார். தலைக்கு மேல் விசிறி சுற்றியது. கூடத்தில் ஒழுங்காகச் சுற்றுகிற விசிறி அது ஒன்றுதான். இந்தக் கதிரையை யார் பிடிப்பார்கள்? முதலில் வருகிறவர்கள். பவுலினா மாம்புரியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாள். மின்ஹாஜ் விடியும்போதே படகில் வந்து இறங்குகிறான். கதிரை நோயைக் கொடுக்கவில்லை; வெள்ளனத்தோடு வருகிறவர்களுக்குக் காற்றைக் கொடுத்தது. அப்படியென்றால் கேள்வி கதிரையைப் பற்றியதல்ல. வெள்ளனத்தோடு வருகிறவர்கள், வாசல் திறக்கும்வரை என்ன செய்கிறார்கள்?

இடையில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. உடனே சுவருக்கு அப்பால் அந்த மெஷின் கூவியது. இவ்வளவு கிட்ட இருந்து கேட்கும்போது சாஜனுக்கும் முதுகில் ஏதோ ஊர்ந்தது. ஆனாலும் அவர் டொக்டரைக் கூப்பிட்டு, அந்த மெஷினின் பிளக்கை யாராவது கழற்றினார்களா என்று கேட்டார். டொக்டர் யோசித்தார். பூட்டும் அவசரத்தில் யாரும் கழற்றவில்லை. கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் மெஷின் தன்னைப் பார்க்க ஆள் கேட்டுக் கூவியிருக்கிறது. திங்கட்கிழமையும் அதே காற்றில் கரண்ட் போய் வந்ததுதான். சிலர் பெருமூச்சு விட்டார்கள். எத்தாளையிலிருந்து வரும் அஸ்னா மட்டும் துவாயை இன்னும் இறுக்கிப் போர்த்துக்கொண்டாள். பாலர் பாடசாலை டீச்சர் அவள், இளவயது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். சுஜாந்தி முகம் வெளிறிப்போய் அவள் பக்கத்தில் நின்றாள். இன்றும் வாசம் வந்திருக்கிறது என்று அந்த முகமே சொன்னது.

திரைக்கு அப்பால் பவுலினாவின் முறை. இங்கே சீனி பார்க்க விரலில் குத்துவதில்லை. இரத்தம்தான் குழாயில் ஓடுகிறதே, அதிலிருந்து ஒரு துளி எடுத்துப் பார்ப்பார்கள். சுஜாந்தி பார்த்துவிட்டு அளவைச் சொன்னாள்.

“பரவாயில்ல, காலமை இருந்ததை விடக் குறைஞ்சிருக்கு” என்றாள் பவுலினா.

சாஜன் கண்ணை மூடிக்கொண்டார். பொலிஸில் இருந்த காலத்தில், கள்வன் தானாக ஒரு வார்த்தை கூடச் சொன்னால் அவர் இப்படித்தான் கண்ணை மூடுவார். தேங்காய் துருவுகிற மெஷின்கூட இல்லாத வீட்டிலிருந்து வந்தவள், காலமை இருந்த அளவை எதில் பார்த்தாள்?

தன் இரத்தம் கழுவி முடியும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு அஸ்னாவின் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தார். அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

“உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கா பிள்ளை?”

“ஓம், ஐயா.”

“முந்தி நீங்க பிந்தித்தானே வாறனீங்க?”

“போன கிழமையில இருந்து ஓட்டோக்காரன் வெள்ளனக் கொண்டுவந்து விடுறான்.”

“வலக்கையைக் காட்டுங்க.”

அவள் தயங்கிக் காட்டினாள். இடக்கையில் டயலிசிஸ் ஊசிகள். வலக்கையின் சுட்டுவிரல் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்து விரலில் காய்ந்துபோன இன்னொன்று.

“ஆர் குத்தினது?”

அஸ்னா கையை இழுத்துக்கொண்டாள். காற்றாலையின் நிழல் அவளுடைய முகத்தைக் கடந்து போனது.

“சொல்லக்கூடாது எண்டு கேட்டாங்களா?”

“அது ஒரு ஆள் தர்மமாக் குடுக்கிற சதக்கா, ஐயா. வெளியில சொன்னா அந்த நன்மை போயிடும் எண்டாங்க. நாங்க எல்லாரும் வாக்குக் குடுத்த.” அவள் துவாயின் விளிம்பைத் திருகினாள். “அது நல்ல விசயந்தானே?”

“நல்ல விசயந்தான். ஆனா உங்கட ரெண்டு பிள்ளையளுக்காக அதை எனக்குச் சொல்லுங்க.”

அவள் சொன்னாள். வாசல் திறக்க முன்னர், மதிலோரப் பூவரசு மரத்தடிக்கு முகம் மூடிய ஒரு பெண்பிள்ளை கூடையோடு வருவாள். இடியப்பமும் சொதியும், சில நாள் குரக்கன் ரொட்டியும் இருக்கும். சீனி வருத்தக்காரரான பவுலினா, மின்ஹாஜ், அஸ்னா மூவரும் சாப்பிட முன்னர் பார்த்துக்கொள்ள ஒரு சின்னப் பையில் மெஷினும் விரலில் குத்துகிற பேனையும் தருவாள். ஒவ்வொரு நாளும் புது ஊசி போட்டுத்தான் அனுப்புவார்களாம். ஒருவர் குத்தியதும் பைக்குள் இருக்கும் துணியால் துடைத்து மற்றவரிடம் கொடுப்பார்கள். துணியில் நல்ல வாசம் இருக்கும். முடிந்ததும் அந்தப் பிள்ளை பையை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள்.

“ஆர் குடுக்கிறாங்க எண்டு கேக்கல்லையா?”

“கேட்ட. பேரைச் சொல்லல்ல. உம்மாதான் அனுப்புறாவாம். அவ இப்ப வெளியில வரக்கூடாத காலமாம்.”

புதன்கிழமை, நண்பகல்

டொக்டரின் அறையில் கொழும்பு அதிகாரி கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். சுஜாந்தி வாசலில் நின்றாள். கனகசுந்தரம் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டயலிசிஸ் முடிந்த கையோடு கதைப்பது அவருக்குக் கடினம். ஆனாலும் கதைத்தார்.

“நீங்க பூட்டின அறையைப் பாத்தீங்க. மெஷினைப் பாத்தீங்க. இந்தப் பிள்ளையைப் பாத்தீங்க. எல்லாம் மதிலுக்கு உள்ளுக்கு. இது நடந்தது மதிலுக்கு வெளியில.”

பூவரசு மரத்தடியையும் பேனையையும் பற்றிச் சொன்னார். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். வீட்டில் சீனி மெஷின் இருக்கிறதா என்று தான் கேட்டதை நினைத்துப் பார்த்திருப்பார். வீட்டில் இல்லைதான். அவர்கள் பொய் சொல்லவில்லை.

“பேனை நெய்னார்ட. அந்த அத்தர் இங்க அவர் ஒருத்தர்தான் பூசினது. புருசன் மௌத்தான பொம்பிளை இத்தா இருக்கிற நாலு மாசமும் பத்து நாளும் வீட்டை விட்டு வரமாட்டா, அன்னிய ஆம்பிளைக்கு முகம் காட்டமாட்டா. பங்குனிக் கடைசியில இங்க புருசன் போன பொம்பிளை ஆர்?”

“ஸுல்பிகா” என்றார் டொக்டர் நிஸ்ரின் மெதுவாக. உடனே தலையை ஆட்டினார். “ஆனா சாஜன் ஐயா, அது சரிவராது. அவர்ட ரத்தம் பேனையில காஞ்சு கிடந்தாலும் கிருமி சில கிழமைதான் தாங்கும். மின்ஹாஜ் வந்ததே அதுக்குப் பிந்தி. அதோட ஊசியும் ஒவ்வொரு நாளும் புதுசு.”

“அதைத்தான் நானும் கதிரையில கிடந்து யோசிச்சன். செத்த மனுசன்ட ரத்தம் காஞ்சு போச்சு. அப்ப உயிரோட இருக்கிற ஒரு ஆள் அந்தப் பேனைக்கு ஒவ்வொரு நாளும் ரத்தம் குடுக்குது.” சாஜன் சற்று நிறுத்தி மூச்சு வாங்கினார். “அந்தப் பை ஒவ்வொரு நாளும் எங்க திரும்பிப் போகுது? குரக்கன் ரொட்டி சுடுற வீட்டுக்கு. சீனி வருத்தம் இருக்கிற வீட்டில தானே, டொக்டர், அடிக்கடி குரக்கன் ரொட்டி சுடுவாங்க. அந்த அம்மாட ரத்தத்தை எப்பவாவது பாத்தீங்களா?”

டொக்டர் பார்க்கவில்லை. நெய்னாரைத் தனி அறையில் வைத்தார்கள், தனி மெஷின் கொடுத்தார்கள், தனி வாசல் கொடுத்தார்கள். அந்த வாசலுக்கு வெளியே அவருக்காகக் காத்துநின்ற மனைவியை உள்ளே கூப்பிட்டு ஒரு துளி இரத்தம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நிஸ்ரின் அதை மறைக்காமல் சொன்னார். வெட்கத்தில் அவருடைய முகம் சிவந்துவிட்டது.

புதன்கிழமை, பின்னேரம்

மன்னாரிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் இடத்தில் இப்போது கல்வீடுகள் எழுந்துவிட்டன. என்றாலும் ஊரார் அதை இன்னும் முகாம் என்றுதான் சொல்கிறார்கள். ஸுல்பிகாவின் மகள், கூடை கொண்டுவருகிற மர்ளியா, கதவைத் திறந்தாள். டொக்டரும் சுஜாந்தியும் உள்ளே போனார்கள். கனகசுந்தரம் முன்கூடத்தில், அறை வாசலில் தொங்கிய பச்சைச் சீலைத் திரைக்கு இந்தப் பக்கம் கதிரை போட்டு இருந்தார். யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. காற்று ஓட்டுக்கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. திரையும் சற்றே உள்ளே இழுபட்டு, பின்னர் வெளியே வந்தது.

சுஜாந்தி உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டாள். அந்த வீடு முழுவதும் அந்த வாசம்.

டொக்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார்.  திரைக்கு அப்பாலிருந்து ஒரு பெண்ணின் குரல், மிகவும் சாதாரணமான குரல், வந்தது.

“அவர் இருக்கக்குள்ள ரெண்டு பேரும் அந்தப் பேனையாலதான் குத்திச் சீனி பாப்பம். முதல்ல எனக்குக் குத்துவார், பொறகு அவருக்கு. சில நாள் அவர் முந்தி, நான் பிந்தி. ஊசி வாங்க வழியில்லாட்டி ஒண்டை வச்சே கிழமைக்கணக்கில ஓட்டினம். புருசன் பொஞ்சாதிக்குள்ள என்ன எண்டு நெனச்ச.”

“இப்ப புது ஊசி போட்டுத்தான் அனுப்பினீங்களாமே?” என்றார் சாஜன் திரையைப் பார்த்து.

“ஓம். ஒவ்வொரு நாளும் புதுசு. ஆனா ஊசி அதிகம் ஆழமாக் குத்தினா நோகுமே. வருத்தக்காரர். அதால...” குரல் நின்றது. அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது. “அதால என்ட விரல்ல ஒருக்காக் குத்திப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்.”

கூடத்தில் நின்ற மர்ளியா வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான் அந்த மர்மம். மற்றவருக்கு நோகக்கூடாது என்று தன் விரலைக் குத்திப் பார்த்த ஒரு பெண். ஊசி புதிதாக இருந்தால் போதும் என்று நம்பிய மூன்று பேர். சாஜன் எத்தனையோ குற்றவாளிகளைக் கண்டுபிடித்தவர். கண்டுபிடித்துவிட்டு இப்படி வருந்தியது இதுதான் முதல் தடவை.

“பேரைச் சொல்லிக் குடுத்திருக்கலாமேம்மா” என்றார். “நெய்னார்ட பேனை எண்டு தெரிஞ்சா, சுஜாந்தி அதைத் தொட விட்டிருக்கமாட்டாவே.”

“அவர்ட பேரைச் சொன்னா ஆர் வாங்குவாங்க, ஐயா? அவர் தண்ணி குடிச்ச கோப்பையை எறிஞ்ச ஆக்கள். ஒரு அறைக்குள்ள தனிய இருந்து இருந்தே போனார். மௌத்தான பொறகாவது, அவர்ட பேரில ஒரு பிடி சோறு நாலு பேரோட கைக்குப் போகட்டும் எண்டு ஆசைப்பட்ட.” பிறகு அழத் தொடங்கினாள். “அதுவும் நோயாத்தானே போயிருக்கு.”

டொக்டர் நிஸ்ரின் அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கிருமிக்கு இப்போது மருந்து இருக்கிறது, மூன்று மாதம் குளிசை போட்டால் பெரும்பாலும் அற்றுப்போகும், பவுலினாவுக்கும் மின்ஹாஜுக்கும் கூட என்று சொன்னார். அழுகை அடங்கியதும் ஸுல்பிகா பையைக் கொண்டுவரச் சொன்னாள். சுஜாந்தி கையுறை போட்டு, பேனையின் மூடியைக் கழற்றினாள். உள்விளிம்பில் கபில நிறத்தில் இரத்தம் படிந்து கிடந்தது. பேனையை மூடி போட்ட பெட்டிக்குள் வைத்தாள். அத்தர்த் துணியையும் எடுக்க வேண்டியிருந்தது. அதைக் கொடுக்கும்போதுதான் ஸுல்பிகாவின் கை தயங்கியது.

சுஜாந்தி இரத்தம் எடுக்க அந்தக் கைகளை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பத்து விரல் நுனிகளிலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

ஆவணி

ஸுல்பிகாவின் இரத்தத்தில் அதே கிருமி இருந்தது. சுஜாந்தியை நிறுத்தும் கடிதத்தை அதிகாரி கிழித்துப் போட்டதோடு, அவளிடம் மன்னிப்பும் கேட்டார். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் அப்படிக் கேட்டதைச் சாஜன் அதற்கு முன்னர் கண்டதில்லை. பவுலினாவும் மின்ஹாஜும் குளிசை தொடங்கினார்கள். அஸ்னாவை டொக்டர் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார். ஒவ்வொரு தடவையும் சுத்தம் என்றே வந்தது. மூன்றாவது முடிவு வந்த அன்று அவள் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்து, சாஜனுக்கு ஸலாம் சொல்ல வைத்தாள்.

இத்தா முடிந்த பிறகு வந்த முதல் டயலிசிஸ் நாள், கனகசுந்தரம் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனார். பூவரசு மரத்தடியில் ஸுல்பிகா தானே கூடையோடு நின்றாள். இந்தத் தடவை பக்கத்தில் சுஜாந்தியும் நின்றாள், நிலையத்தின் மெஷினோடும், ஒருவருக்குக் குத்தியதும் எறிந்துவிடும் ஊசிகளோடும். பவுலினா, மின்ஹாஜ், அஸ்னா மூவரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். யாரும் முன்னுக்கு வரவில்லை.

ஸுல்பிகா கூடையின் துணியை விலக்கினாள்.

“இது என்ட புருசன் நெய்னார்ட பேரில குடுக்கிற சதக்கா” என்றாள், எல்லோருக்கும் கேட்க. “விருப்பமான ஆக்கள் வாங்கலாம்.”

 மின்ஹாஜ் நிலத்தைப் பார்த்தான். பவுலினா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்துவந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

“நெய்னார் நானாட இடியப்பமா? ரெண்டு கூட வைங்க” என்றாள்.

பிறகு மற்றவர்களும் வந்தார்கள். கனகசுந்தரம் மதிலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸுல்பிகா கடந்து போனதும் சுஜாந்தியின் முகத்தைக் கவனித்தார். அதில் பயம் இல்லை.

“வாசம் வருதா பிள்ளை?” என்று கேட்டார்.

“ஓம் ஐயா” என்றாள் அவள். “வருது.”